கதிர்க்கூடத்தில் ஓர் இடம்

நிலத்தடி நகரின் மழலைக்கூடத்தில் காலை எட்டு மணிக்கு எடுக்கப்படுவது வருகைப்பதிவு அன்று; அமைதிப்பதிவு. ஒவ்வொரு குழந்தையின் கணுக்காலிலும் ஓர் அசைவுமானி உண்டு. முந்தைய நாள் ஓடாத, துள்ளாத குழந்தைக்குப் பலகையில் பச்சை விளக்கு எரியும். மூன்று வயது நிறைந்தவர்களுள் மிக அமைதியான இருபது பேருக்கு மட்டும், மேல்தளத்துக் கதிர்க்கூடத்தில் நாள்தோறும் ஒரு மணி நேரம் உண்மையான வெயில். நற்குணத்துக்கு நகர மன்றம் அளிக்கும் பரிசு அது.

மரகதவல்லியின் மகள் யாழிசை அவ்வாண்டு முதலிடம் பெற்றாள். உறங்கும்போது அவள் தலை வியர்த்துத் தலையணை நனையும், தூக்கினால் முனகுவாள், இறக்கிவிட்டால் வைத்த இடத்திலேயே இருப்பாள். அண்டை வீட்டார் அவளைப் பொம்மை என்றழைத்தனர். தாய்க்கு அதில் பெருமை.

நான்கு மாத வெயிலில், அதுவரை வளைந்திருந்த அவள் கால்கள் உறுதிப்பட்டன. யாழிசை நின்றாள், நடந்தாள், பிறகு ஓடினாள். பலகையில் சிவப்பு விளக்கு எரிந்தது. பராமரிப்பாளர் ஜெசிந்தா தாயை வரவழைத்தாள்.

"இன்னும் ரெண்டு செவப்பு விழுந்தா கீழ எறக்கிடுவாங்கக்கா."

"தங்கமா இருந்த புள்ள. மேல போய்த்தான் கெட்டுப்போச்சு."

"கெடலக்கா. அப்ப அவளுக்கு எலும்பு வலி. அசைய முடியாம கெடந்தத நாம நல்ல கொணம்னு சொன்னோம். என் கையால முப்பத்தேழு புள்ளைங்கள எறக்கி விட்டிருக்கேன். இருட்டுக்குப் போனதும் எல்லாம் மறுபடி பொம்மையாயிடுச்சு."

ஜெசிந்தா இதனை மன்றத்துக்கு இருமுறை எழுதியிருந்தாள். வெயில் குழந்தைகளின் குணத்தைக் கெடுப்பதாக அவளுடைய கணக்கே மெய்ப்பிக்கிறது, ஆதலால் நேரத்தைக் குறைக்கலாம் என்று மன்றம் விடையளித்தது. ஓட இயலாத குழந்தையின் வலியை ஒழுக்கம் என்று பெயரிட்டு, அதற்குப் பரிசும் வழங்கியவர்கள், தம் பிழையை ஒருநாளும் ஒப்புக்கொள்வதில்லை.

மறுநாள் காலை மரகதவல்லி, பழைய புடவையைக் கிழித்து, மகளின் முழங்கால்களை ஒன்றாகச் சேர்த்துக் கட்டினாள்.

"கட்டு எதுக்கும்மா? இப்பதான் வலிக்கலியே" என்றாள் யாழிசை.

"வலிக்கிற மாதிரியே உக்காந்திரு, கண்ணு. அப்பதான் வெயில் கெடைக்கும்."

கண்ணாடிக் கூரையின் கீழ், கைகளை மடியில் வைத்துக்கொண்டு யாழிசை அசையாமல் அமர்ந்தாள். ஜெசிந்தா அந்தக் கட்டைப் பார்த்தாள், அவிழ்க்கவில்லை. பலகையில் மீண்டும் பச்சை எரிந்தது. அந்த வாரமே வேறு இரு தாய்மார், பழைய புடவைகளுடன் மரகதவல்லியின் வீட்டுக் கதவைத் தட்டினர்.