கீழூரார் ஜெயித்த புத்தாண்டு

வாசலில் முடுக்கியிருந்த மரச்சட்டங்கள் முனகத் தொடங்கியபோது தோரா நேரம் பார்த்தாள். மூன்று பத்து. பந்தாட்டக் கூட்டம் சந்துக்குள் வந்துவிட்டது என்றுதான் நினைத்தாள். இருநூறு ஆண்கள் ஒரே பந்துக்காக நெருக்கித் தள்ளிக்கொண்டு வந்தால் சுவரே முனகும். அதற்காகத்தான் புத்தாண்டன்று இந்த வடகடல் தீவு ஊரான கிர்க்வாலில் கதவு ஜன்னல்களுக்குக் குறுக்கே சட்டம் போடுவார்கள். ஆனால் கூச்சல் இல்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். ஒரு திட்டு இல்லை, ஒரு சிரிப்பு இல்லை. மரம் மட்டும் முனகியது.

காலையில் அவள் கணவன் எரிக்தான் வெளியே நின்று நான்கு சட்டங்களையும் முடுக்கினான். ஒவ்வொன்றையும் முடித்ததும் ஸ்பேனரால் இரண்டு தட்டுத் தட்டுவது அவன் பழக்கம். தோரா மாவுக்கட்டுப் போட்ட காலோடு மாடி ஜன்னலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் உள்ள ஜெயிலு, நீ வெளிய ஆட்டமா?"

"கால ஒடச்சுக்கிட்டது நீதானே? நான் வந்து கழட்டுற வரைக்கும் சமத்தா இரு."

எதிர்வீட்டுக் கிழவர் ஜேக்கப் சிரித்தார். அவர் மேலூரார் கட்சி. பந்தை ஊரின் மேல்முனைக்குக் கொண்டுபோனால் அவர்களுக்கு வெற்றி. எரிக் கீழூரான், அவர்கள் பந்தைத் துறைமுகத்துத் தண்ணீரில் போட வேண்டும்.

"ஒம்பது வருஷமா பந்து கடலப் பாக்கல. இனிமே கடலே எறங்கி வந்து ஆடினாத்தான்டா ஒங்களுக்கு ஜெயம்!"

"வாய மூடு பெருசு. இந்த வருஷம் ஒன்னையும் சேத்துக் கடல்ல போடறோம்."

இப்போது ஜேக்கப்பின் வீட்டில் விளக்கு இல்லை. ஊரே ஆட்டத்தைப் பார்க்கப் போயிருந்தது.

நாற்றம் அடுத்து வந்தது. அழுகிய கடற்பாசி, நனைந்த கம்பளி. கதவின் அடியிலிருந்து ஒரு கறுத்த நாக்குப் போலத் தண்ணீர் மெல்ல நீண்டது. தோரா குனிந்து விரல் நுனியில் தொட்டு வாயில் வைத்தாள். உப்பு. ஒரு காலத்தில் சின்னக் கடல் என்ற உப்பங்கழி இந்தச் சந்துமுனை வரை இருந்ததாம். கடலில் மூழ்கிச் செத்தவர்களைப் படகுக்காரர்கள் இங்கேதான் கரையேற்றிக் கிடத்துவார்களாம். பிறகு கல்லும் குப்பையும் கொட்டி அதைத் தூர்த்தார்கள். இன்று அது கார் நிறுத்தும் இடம். தூர்த்த கடலிலிருந்து தண்ணீர் வருமா? ஏதாவது குழாய் உடைந்திருக்கும். அப்படித்தான் இருக்க வேண்டும். தரையில் பென்சிலால் ஒரு கோடு போட்டாள். இரண்டு நிமிடத்தில் தண்ணீர் கோட்டைத் தாண்டியது.

படிகளில் உட்கார்ந்தபடியே பின்புறமாக ஏறி மாடிக்குப் போனாள். பொழுது சாய்ந்துவிட்டிருந்தது. தெருவிளக்கின் மங்கிய மஞ்சளில் சந்து முழுக்கத் தலைகள், தோளோடு தோள் ஒட்டி, நனைந்து, அவள் வாசலை அழுத்திக்கொண்டு. எங்கேயோ தவறு. என்னவென்று புரியச் சற்று நேரமாயிற்று. பந்தாட்டக் கூட்டத்திலிருந்து உருளைக்கிழங்கு வேகும் பானையைப் போல மூச்சும் வியர்வையும் ஆவியாக எழும்; மாடி ஜன்னல்கூட மங்கிப்போகும். இன்று கண்ணாடி தெளிவாக இருந்தது.

போன் அடித்தது. எரிக். பின்னால் ஒரே பாட்டும் கூச்சலும்.

"தோத்துட்டோம் தோரா! ரெண்டரைக்கே முடிஞ்சுபோச்சு. ஜேக்கப் பெருசு ஆடுற ஆட்டத்தப் பாக்கணுமே!"

"அப்ப நம்ம சந்துல யாரு?"

"யாரு? எல்லாப் பயலும் இங்கதானே குடிச்சிட்டுக் கெடக்கோம்."

வராதே என்று சொல்ல வாயெடுத்தாள். கீழே படிக்கட்டில் தண்ணீர் ஏறும் சத்தம் கேட்டது. இருப்பது ஒரே கதவு. திருகாணி வெளியே.

"சீக்கிரம் வா," என்றாள்.

ஐந்து நிமிடத்தில் சந்துமுனையில் அவன் வந்து நின்றான். வாயிலிருந்து மூச்சு வெள்ளையாக வந்தது.

"அடேய்! இன்னொரு பந்தா? எனக்கு யாருமே சொல்லலியே!"

தோரா கண்ணாடியைத் தட்டக் கையை உயர்த்தினாள். கீழே ஒரு தலை நிமிர்ந்தது. வெளுத்துப் பருத்த முகம். கண்கள் இருக்க வேண்டிய இடத்தில் நத்தைகள்.

கையை இறக்கினாள்.

எரிக் சிரித்துக்கொண்டே ஓடிவந்து தோள் கொடுத்தான். கூட்டம் விலகி அவனை உள்ளே வாங்கிக்கொண்டு மூடியது. நடுவிலிருந்து ஒரே ஒரு வெள்ளை இழை எழுந்தது. அவன் கத்தியது ஒருமுறைதான். கூட்டம் வாசலை விட்டுச் சந்துக்குக் கீழே நகர்ந்தது, கடல் இருந்த இடத்தை நோக்கி. அந்த இழையும் கூடவே போனது. மெலிந்தது. விட்டுவிட்டு வந்தது.

நின்றது.

சந்து காலி. தோரா கண்ணாடியில் நெற்றியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எத்தனை நேரம்? கடிகாரத்தைப் பார்க்கத் தோன்றவில்லை.

கீழே ஸ்பேனர் திரும்பும் சத்தம்.

முதல் சட்டம். இரண்டு தட்டு.

இரண்டாவது. இரண்டு தட்டு.

மூன்றாவது.

நான்காவது.

கதவு திறந்தது. படியடியில் எரிக் வந்து நின்றான், இடுப்பளவுத் தண்ணீரில். தலையிலிருந்து நீர் வழிந்தது.

"ஜெயிச்சுட்டோம் தோரா."

அவள் உட்கார்ந்தபடியே பின்னுக்கு நகர்ந்தாள்.

"ஜன்னல்ல நின்னு பாத்துட்டுத்தானே இருந்த? ஒரு தட்டு தட்டியிருக்கலாம்ல?"

அவனுக்குப் பின்னால் மற்றவர்கள் ஒவ்வொருவராகக் குனிந்து உள்ளே வந்தார்கள். தோளோடு தோள் சேர்த்து, சத்தமில்லாமல், படியில் ஏறத் தொடங்கினார்கள். குளிர் முதலில் மேலே வந்தது. அந்த வீட்டில் வெள்ளையாக எழுந்தது அவள் மூச்சு ஒன்றுதான்.