கடைசி ஆள் வரும்வரை

இப்போதெல்லாம் மனுஷன் ஓடுவதற்கே கார் ஏறி வருகிறான். பின்னால் நாய் துரத்தவில்லை, முன்னால் பஸ் கிளம்பவில்லை, ஆனாலும் மூச்சு இரைக்க ஓடுகிறான். ஓடி முடித்துப் புறப்பட்ட இடத்துக்கே வந்து நின்று கைதட்டிக்கொள்கிறான். கேட்டால் இயற்கையை ரசிக்கிறானாம். ரசிக்கிறவன் நிற்க வேண்டாமா? மணிக்கட்டு வாட்சைப் பார்த்துக்கொண்டே ஓடுகிறவனுக்கு ஏரி எதற்கு, குழாயடி போதாதா?

டிரைவர் இதை மருமகனிடம் முகத்துக்கு நேராகவே கேட்டிருக்கிறார். லாரி ஓட்டி ஓய்ந்த மனிதர். பெயர் மறைந்து டிரைவர் என்பதே நிலைத்துவிட்டது. மருமகன் சிரித்துவிட்டு அவருக்கும் ஒரு வேலை கொடுத்தான். டவுன்காரர்களைத் திரட்டிக் காட்டுப்பக்கம் ஓடவிடுவது அவனுடைய ஞாயிற்றுக்கிழமைப் பைத்தியம். அழகான பாதையாகப் பார்த்துப் பொறுக்குவான்: சோளக்கொல்லை ஓரம், தைலமரத் தோப்பு, ஏரிக்கரை. வழி நெடுகக் கிளைகளில் ஆரஞ்சு ரிப்பன் கட்டுவதும், ஓட்டம் முடிந்ததும் அவிழ்த்துச் சாக்கில் போடுவதும் டிரைவர் பொறுப்பு. தார்ப்பாய்க் கயிற்றுக்குப் போடுகிற முடிச்சைத்தான் போடுவார். காற்றுக்கு அவிழாது, நுனியை இழுத்தால் கையோடு வந்துவிடும்.

ஓட வருகிறவர்களிடம் மருமகன் சொல்வது எப்போதும் ஒன்றுதான். "ரிப்பனப் பாத்து ஓடுங்க. கண்ணுல படலன்னா நின்ன எடத்துலயே நில்லுங்க. யாராவது வந்து கூட்டிட்டுப் போவாங்க." டிரைவருக்குத் தனியாக ஒரு சட்டம்: கடைசி ஆளுக்குப் பின்னாலேயே நடந்துதான் அவிழ்க்க வேண்டும்.

அன்று சாயங்கால ஓட்டம். முதல் தடவையாக அவர் மகளும் ஓடினாள். இரண்டு பிரசவம் ஆன உடம்பு, வலது முட்டி சொன்ன பேச்சுக் கேட்காது. இதெல்லாம் உனக்கு எதற்கு பாப்பா என்று அவர் முணுமுணுத்தபோது, குனிந்து ஷூ நாடாவை இறுக்கியபடி சொன்னாள்: "கடைசியா வந்தாலும் வருவேன்ப்பா. பின்னாடி நீங்கதான வரப்போறீங்க."

அவர் பின்னால் போகவில்லை. மேகம் இறங்கி வெளிச்சம் மங்கிக்கொண்டு வந்தது. ஓட்டக்காரர்கள் கும்பல் கும்பலாக வந்து சேர்ந்து, காலை நீட்டிப் பெருமை அடித்துக்கொண்டிருந்தார்கள். எல்லாரும் வந்தாச்சு என்றாள் தண்ணீர் மேசைக்குப் பின்னால் நின்ற பெண். பெட்ரோல் பங்கில் மீட்டரைக்கூட நம்பாத மனிதர், அந்த ஒரு வார்த்தையை மட்டும் நம்பினார். நம்பினால் நடை மிச்சம். ஓட்டம் புறப்பட்ட பக்கம் போகாமல், வந்து முடிகிற பக்கத்திலிருந்தே பின்பக்கமாக அவிழ்த்துக்கொண்டு போனார். எந்தப் பக்கம் அவிழ்த்தால் என்ன?

சோளக்கொல்லை ஓரத்து ரிப்பன்கள் சுலபமாக வந்தன. ஏரிக்கரை ஏறியதும் கையில் ஈரம் பட்டது. மழை பெய்யவில்லை, பனி இறங்கும் நேரமும் இல்லை, ஆனாலும் கரைமேல் இருந்த ரிப்பன்கள் ஒவ்வொன்றும் தண்ணீரில் முக்கி எடுத்ததுபோல் கனத்துத் தொங்கின. முகர்ந்து பார்த்தால் ஏரி வற்றும்போது அடிச்சேற்றிலிருந்து கிளம்புகிற அந்தப் பழைய வாடை, மீன் செத்த வாடையோடு இலை அழுகிய வாடையும் கலந்து மூக்கில் ஒட்டிக்கொண்டது. யாரோ நனைந்த கையால் ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்திருக்கிறார்கள். டவுன்காரன் வேலை என்று திட்டிக்கொண்டே வேட்டியில் கையைத் துடைத்தார்.

தோப்பு முனையை அடைந்தபோது போன் அடித்தது. மருமகன்.

"மாமா, அவ உங்க கூடவா இருக்கா?"

சாக்கு அதற்குள் பாதி நிறைந்திருந்தது.

அவர் போனை மடியில் செருகினார். திரும்பிப் பார்த்தார். வந்த வழி முழுக்க வெறும் கிளைகள். அவர் மகள் அந்தப் பாதையில்தான் வந்து சேர வேண்டும், அந்தப் பாதையை அவரே அவிழ்த்துச் சாக்கில் போட்டுவிட்டார்.

தோப்புக்குள் நடந்தார். பாப்பா என்று கூப்பிட்டார். குரல் மரங்களுக்கு நடுவே போயிற்று, திரும்பி வரவில்லை. தைலமர வாசனைக்கு அடியில் சேற்று வாடை. காய்ந்த இலைமேல் தன் செருப்புச் சத்தம் மட்டும் கேட்டது. நின்றால் அதுவும் நின்றது. காற்றில்லை. பூச்சிகூட இல்லை. பாதை இரண்டாகப் பிரிகிற இடத்தில், ரிப்பன் இல்லாத ஒரு மரத்தைப் பார்த்தபடி, கைகளைத் தொங்கவிட்டுக்கொண்டு மகள் நின்றிருந்தாள்.

"வா பாப்பா, போலாம்."

அவள் திரும்பவில்லை. "ரிப்பன் எங்கப்பா?"

கையைப் பிடித்தார். ஜில்லென்று இருந்தது. இழுத்தார். சரக்கேற்றிய வண்டியைக் கையால் இழுத்த மாதிரி இருந்தது; ஓர் அங்குலம்கூட நகரவில்லை. கெஞ்சிப் பார்த்தார், அதட்டிப் பார்த்தார். கண் அந்த மரத்தை விட்டு அசையவில்லை. கடைசியில் சாக்குக்குள் கைவிட்டு ஒரு ரிப்பனை உருவி, கொஞ்ச தூரம் போய் ஒரு கிளையில் கட்டினார்.

அவள் ஓடி வந்தாள். ரிப்பனுக்கு நேராக வந்து நின்றாள்.

அடுத்த மரத்தில் கட்டினார். ஓடி வந்தாள். நின்றாள். அதற்கடுத்த மரம். முடிச்சு சரியாக விழவில்லை. ஓடி வந்தாள். இந்த முறை காலடிச் சத்தம் அவளுடையது மட்டுமில்லை.

அவர் திரும்பவில்லை. ஒரு ரிப்பன் கட்டினார். ஷூ சத்தம். அதற்குப் பின்னால் வெறும் காலின் சத்தம், ஈரத் துணியைக் கல்லில் அறைவதுபோல. அதற்கும் பின்னால் இன்னும் பல. அவள் நின்றதும் எல்லாம் ஒருசேர நின்றன. மூச்சு வாங்குகிற சத்தம் மட்டும் இல்லை.

தோப்புக்குள் போகும்போது மரம் என்று நினைத்துக் கடந்துவந்தவை எல்லாம் மரங்கள்தானா?

ஏரிக்கரை வளைவில் பார்க்காமல் இருக்க முடியவில்லை. அவளுக்குப் பின்னால் வரிசை. ஒருவன் பனியன் நார்நாராகத் தொங்கியது. ஒருத்தி முழங்கால் வரை காய்ந்த சேறு. எந்தக் காலத்திலோ, எவன் பேச்சையோ நம்பி, நின்ற இடத்திலேயே நின்றவர்கள். ஒருவர்கூட அவரைப் பார்க்கவில்லை. எல்லாக் கண்ணும் அவர் கையில் இருந்த ரிப்பன்மேல்.

ரிப்பனை முதுகுக்குப் பின்னால் மறைத்தார். மகள் முகத்தில் இருந்த கொஞ்சநஞ்ச உயிரும் வடிந்தது. கால் கரைமண்ணில் மெல்லப் புதைந்தது. கணுக்கால் வரை. அதற்கும் மேலே.

கட்டினார். வேறென்ன செய்வார்? பெற்றவர்.

சோளக்கொல்லை தாண்டி வெளிச்சம் வந்தது. விளக்குகள், மேசை, கார்கள், பேச்சு. கடைசி ரிப்பனைக் கம்பத்தில் கட்டியதும் கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. கடைசியாக வருகிறவர்களுக்குத்தான் அதிகமாகக் கைதட்டுவார்களாம். தண்ணீர் மேசைப் பெண் ஒவ்வொருவர் கையிலும் ஒரு கப் கொடுத்தாள். வாங்கிக்கொண்டார்கள். குடிக்கவில்லை.

மருமகன் மனைவியின் தோளைப் பிடித்துக் குலுக்கினான். கண் கலங்கியிருந்தது. "பயந்தே போயிட்டேன் மாமா. இவங்கல்லாம் வேற குரூப்பா இருக்கும், வழி தவறிருப்பாங்க. நல்லவேளை, நீங்க கூட்டிட்டு வந்துட்டீங்க."

"வேற குரூப்புதான்," என்றார் டிரைவர்.

அவனைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. படித்தவன் கண்ணுக்கு எதற்கும் ஒரு பதில் கிடைத்துவிடுகிறது. காரை எடுத்துவருகிறேன் என்று அவன் ஓடினான். டிரைவர் சாக்கை மெதுவாகத் தரையில் வைத்தார். மகளின் கையைப் பிடித்து, வா என்று நடந்தார். இரண்டு எட்டு வந்தாள். கை கனத்தது. நின்றுவிட்டாள்.

"பாப்பா, என்னப் பாரு."

பார்க்கவில்லை.

அவர் திரும்பிப் போய்ச் சாக்கை எடுத்துத் தோளில் போட்டார். உடனே கை லேசானது. மகள் கூடவே நடந்தாள், சாக்கின் கட்டாத வாயிலிருந்து தொங்கிய ஆரஞ்சு நுனியைப் பார்த்தபடி. தான் கூட்டிப்போவது பெற்ற மகளைத்தான் என்று அவருக்கு நம்பிக்கை வரவில்லை. அந்தக் கையை விடவும் மனம் வரவில்லை.

இருட்டு ரோட்டைப் பார்த்து நடந்தார். பின்னால், மேசைப் பக்கம், எல்லாக் கப்பும் ஒரே நேரத்தில் கீழே விழுந்தன.