சுமைப் பட்டியல்

ஜெசிந்தா காலை பத்து நாற்பதுக்குத் தோற்றுவிடுவாள் என்பது அவளுடைய அக்கா ரெஜினாவுக்கு முந்தின நாளே தெரிந்துவிட்டது.

தூத்துக்குடிக் கணினி விளையாட்டுத் திருவிழாவுக்கு மின்சாரம் திட்டமிடும் பொறியாளர் ரெஜினா. பழைய உப்புக் கிடங்கு ஒன்றில் மூவாயிரம் இருக்கைகள், மூவாயிரம் கணினிகள். எந்த இருக்கைக்கு எந்த நிமிடம் எவ்வளவு மின்சாரம் வேண்டும் என்பதைச் 'சுமைகாணி' முன்கூட்டியே சொல்லிவிடும். அந்த இயந்திரம் வந்த பிறகு ஊரில் யாரும் ஜெனரேட்டர் வைத்துக்கொள்வதில்லை. அது எழுதிய அளவை மின்மையம் அப்படியே அனுப்பும். கூடுதலாக இழுத்தாலும் ஆபத்து, எடுக்காமல் விட்டாலும் ஆபத்து. மின்தடம் துண்டித்துக்கொள்ளும். அதே தடத்தில்தான் பெரிய ஆஸ்பத்திரியும் இருந்தது.

தோற்றவர் கணினியை அணைத்துவிட்டு எழுந்துவிட வேண்டும் என்பது விழாவின் விதி. எல்லோருடைய பயிற்சி ஆட்டங்களையும் படித்திருந்த சுமைகாணி, ஒவ்வோர் இருக்கையும் எப்போது அணையும் என்று எழுதியிருந்தது. அதற்கு என்ன பொருள் என்பது தங்கையின் வரிசையைப் பார்த்தபோதுதான் ரெஜினாவுக்கு உறைத்தது. இருக்கை 1417: பத்து நாற்பது வரை அறுநூறு வாட். பிறகு பூஜ்யம். வேலையை விட்டுவிட்டு இரண்டு வருடம் இந்த ஆட்டத்தையே பழகியவள் ஜெசிந்தா.

ரெஜினா உடனே விழா நடத்தும் வியாகப்பனுக்குப் போன் செய்தாள்.

"அண்ணே, அந்தப் பட்டியல யாருக்கும் காட்டிராதீங்க."

"ஐயோ, வயர்மேன் குரூப்புல அப்பவே போட்டுட்டேனே!"

மறுநாள் ஒன்பது மணிக்குள் பட்டியல் எல்லோருடைய கைக்கும் போயிருந்தது. மதியத்துக்குள் அணையப்போகும் இருக்கைக்காரர்கள் பையைத் தூக்கிக்கொண்டு வாசலை நோக்கி நகர்ந்தார்கள். ஒன்பதரைக்கு ஆட்டம் தொடங்கும்போது ஆயிரத்து எண்ணூறு கிலோவாட் வந்து சேரும். மீட்டர் எழுநூறைத் தாண்டவில்லை. ரெஜினா குளிர்சாதனத்தை முழுவேகத்தில் ஓடவிட்டாள், உணவுக்கடைகளின் மின் அடுப்புகளை எல்லாம் போடச் சொன்னாள். தொள்ளாயிரம்.

மின்மையத்தில் பணியிலிருந்த செண்பகராமனை அழைத்து, "பாதி அனுப்பினாப் போதும் சார்," என்று கெஞ்சினாள்.

"இனி மாத்த முடியாது மேடம். எழுதிக் குடுத்தத எடுத்துத்தான் ஆகணும்."

பத்து நிமிடம் இருந்தது. வாசலுக்கு ஓடினாள். கூட்டத்தில் ஜெசிந்தாவும் நின்றாள்.

"உனக்கு நேத்தே தெரியுமாக்கா?"

"தெரியும்."

"ஒரு வார்த்த சொல்லலியே!"

"எந்த வாயால சொல்லுவேன் ஜெசி?" ரெஜினாவுக்கு மூச்சு வாங்கியது. "இப்ப வந்து உக்காரு. எல்லாரையும் கூப்பிடு. நீங்க மெஷினப் போடலன்னா ஆஸ்பத்திரிக்குக் கரண்ட் போயிரும்."

"தோக்கத்தான் வந்து உக்காரணுமா?"

ஆனாலும் ஜெசிந்தா கூட்டத்தின் பக்கம் திரும்பி, "ஏய், எல்லாரும் உள்ள வாங்க! ஆஸ்பத்திரி லைனும் இதுலதானாம்!" என்று கத்தினாள்.

இருக்கைகள் நிரம்ப நிரம்ப, ரெஜினா குளிர்சாதனத்தையும் அடுப்புகளையும் பழைய அளவுக்குக் குறைத்தாள். ஆயிரத்து இருநூறு, ஆயிரத்து அறுநூறு. ஒன்பது இருபத்தொன்பதுக்கு ஆயிரத்து எண்ணூறு. அப்போதுதான் ரெஜினாவால் உட்கார முடிந்தது.

பத்து மணிக்கு அவள் தங்கையின் பின்னால் போய் நின்றாள். ஜெசிந்தா அருமையாக ஆடிக்கொண்டிருந்தாள். பத்து முப்பதுக்கு வெற்றி கையெட்டும் தூரத்தில் இருந்தது. சுமைகாணி தவறட்டும் என்று ரெஜினா வாய்க்குள் வேண்டிக்கொண்டாள். பத்து முப்பத்தொன்பதுக்கு ஜெசிந்தாவின் பார்வை திரையின் மூலைக்குப் போனது. அரை நொடிதான். எதிராளிக்கு அது போதுமானதாக இருந்தது.

"மணியப் பாத்துட்டேன்க்கா," என்றாள், கணினியை அணைத்தபடி.

ரெஜினா அரங்கைச் சுற்றிப் பார்த்தாள். ஒவ்வொரு வரிசையிலும் யாரோ ஒருவர் மணியைப் பார்த்துக்கொண்டிருந்தார். மாலைவரை இருக்கைகள் பட்டியல்படியே அணைந்தன.

ஆறு மணிக்குச் செண்பகராமன் அழைத்தார். குரலில் உற்சாகம்.

"இவ்வளவு சுத்தமா எந்த விழாவும் ஓடுனதில்ல மேடம். பட்டியல் எல்லார் கைக்கும் போனதுதான் காரணமாம். இனிமே எல்லா எடத்துலயும் பட்டியல முன்னாடியே ஒட்டச் சொல்லப் போறோம். ஒட்டுனா ஜனங்க அதும்படியே நடக்குறாங்க பாருங்க, லைனுக்கு அது ரொம்ப நல்லது."