இருபத்து மூன்று ‘இங்கே’

அந்த மனிதர் இன்றைக்கும் வந்துவிட்டார். தொடர்ந்து மூன்றாவது நாள்!

நஸீறா மேசைக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தாள். காத்தான்குடியில் அவளுடைய வாப்பா ஹமீட் நடத்தும் கொம்பியூட்டர் கடை அது. அந்த மனிதரை ஓர் ஓட்டோக்காரர் வாசலில் இறக்கிவிட்டுப் போவார். அவர் சுவரைத் தொட்டபடி மெதுவாக நடந்து, மூலையில் இருக்கும் கொம்பியூட்டரில் போய் உட்காருவார். கடைக்குள்ளேயும் கறுப்புக் கண்ணாடியைக் கழற்ற மாட்டார்.

உட்கார்ந்ததும் சட்டைப் பையிலிருந்து ஒரு பென் ட்ரைவை எடுத்துச் செருகுவார். காதில் ஹெட்போனை மாட்டுவார். பிறகு, திரையை அணைத்துவிடுவார்!

திரையை அணைத்துவிட்டுக் கொம்பியூட்டரில் வேலை செய்யும் ஆளை, நஸீறா தன் பன்னிரண்டு வயதுக்குள் கண்டதே இல்லை.

அது சண்டைக் காலம். வாவிக்கு அந்தப் பக்கம், படுவான்கரையில் ஷெல் விழுந்துகொண்டிருந்தது. அங்கிருந்த சனங்கள் ஊர்களை விட்டு ஓடிவந்து, இந்தப் பக்கத்துப் பள்ளிக்கூடங்களிலும் மண்டபங்களிலும் தங்கியிருந்தார்கள். புது முகம் ஒன்றைக் கண்டால் பெரியவர்கள் சட்டென்று பேச்சை நிறுத்திவிடுவார்கள்.

யார் யார் எங்கே தங்கியிருக்கிறார்கள் என்று ஓர் உதவிக் குழு எழுதிக் கொண்டுவரும். அந்தப் பட்டியல்களைத் தட்டச்சு செய்து இணையத்தில் போடுவது நஸீறாதான். கட்டாருக்குப் போவதற்கு முன் அண்ணன் கற்றுக்கொடுத்த வேலை. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அதைத்தான் செய்வாள்.

இன்று அவளுக்குப் பொறுக்க முடியவில்லை. தும்புத்தடியை எடுத்தாள். மூலைப் பக்கம் கூட்டுவதுபோலப் போய், காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள்.

ஹெட்போனிலிருந்து மெல்லிய குரல் கசிந்தது. தடிமன் பிடித்து மூக்கடைத்தவர் பேசுவதுபோல ஒரு குரல்.

“இங்கே... இங்கே... இங்கே... இங்கே...”

இது என்ன இரகசியச் செய்தியா?

“பின்னால நிக்கிறது ஆரு?” திரும்பாமலே கேட்டார் அவர். கை பென் ட்ரைவைப் பொத்திக்கொண்டது.

“நா... நான்தான். கூட்டுறன்.”

“இப்பதானே இந்த இடத்தைக் கூட்டினீங்க?”

நஸீறா ஒரே ஓட்டமாக வாப்பாவிடம் போனாள். “வாப்பா, அந்த ஆளில எனக்குச் சந்தேகமாக் கிடக்கு” என்று எல்லாவற்றையும் சொன்னாள்.

வாப்பாவின் முகம் மாறியது. “நமக்கு ஏன் புள்ள சோலி? இனி வர வேணாமெண்டு சொல்லிருவம்.”

அதைக் கேட்டதும் நஸீறாவுக்கு என்னவோபோல் ஆகிவிட்டது. அந்த மனிதர் யாருக்கு என்ன செய்தார்?

“கொஞ்சம் பொறுங்க வாப்பா. நான் நேரா கேட்டுப் பாக்கிறன்.”

அவள் திரும்பிப் போய் அவர் பக்கத்திலேயே நின்றாள். “அண்ணன், ஏன் திரையை அணைச்சு வெச்சிருக்கிறீங்க?”

அவர் அவள் குரல் வந்த பக்கம் திரும்பினார். பிறகு கண்ணாடியைக் கழற்றினார். அவருடைய இமைகள் இரண்டும் ஒட்டிக் கிடந்தன.

“எனக்குக் கண் தெரியா, புள்ள. திரை இருந்தாலும் இல்லாட்டியும் எனக்கு ஒண்டுதான். ஆனா, பின்னால நிண்டு ஆரு வாசிக்கிறாங்க எண்டு எனக்குத் தெரியாதே. அதுதான் அணைச்சன்.” பென் ட்ரைவைத் தட்டிக் காட்டினார். “இதுக்குள்ள இருக்கிற புரோகிராம்தான் திரையில இருக்கிறதை எனக்கு வாசிச்சுக் காட்டுது.”

பிறகு தானே தடவித் திரையைப் போட்டார். அதில் தெரிந்ததைப் பார்த்து நஸீறா வாயைப் பிளந்தாள்.

“இது நான் செஞ்ச பக்கம்!”

“நீங்களா?” என்றார் அவர். “அப்ப மூணு நாளா நான் ஏசிக்கொண்டிருக்கிறது உங்களைத்தான்!”

ஹெட்போனை அவளிடம் நீட்டினார். நஸீறா மாட்டிக்கொண்டாள். அவர் ஒரு விசையை அழுத்தினார். “இங்கே.” மறுபடி அழுத்தினார். “இங்கே.”

நஸீறா திரையைப் பார்த்தாள். ‘பெரியகல்லாறு பள்ளிக்கூடத்தில் இருப்போர் பட்டியலுக்கு இங்கே அழுத்தவும்’ என்று அவள் எழுதியிருந்தாள். ஒவ்வொரு இடத்துக்கும் அப்படி ஒரு வரி. அழுத்த வேண்டிய ‘இங்கே’ மட்டும் நீல நிறம். அந்த விசை நீலத்திலிருந்து நீலத்துக்குத் தாவியது. நடுவில் இருந்த சொற்களை அது சொல்லவே இல்லை.

“இருபத்து மூணு கதவு. எல்லாத்திலயும் ஒரே எழுத்து” என்றார் அவர். “முழுப் பக்கத்தையும் வாசிக்க விட்டா, எங்க நிக்கிறன் எண்டு தெரியாமப் போகுது. ஒவ்வொண்டாத் திறந்து, உள்ளுக்க இருக்கிற எல்லாப் பேரையும் கேக்கிறன். நாலைஞ்சு முடியக்குள்ள கரண்ட் போயிரும். மறுகா முதல்ல இருந்து!”

“பேரைச் சொல்லுங்க அண்ணன். நான் தேடித் தாறன்.”

அவர் தலையை ஆட்டினார். “பேர் சொல்ல ஒண்ணா.”

“என்னில நம்பிக்கை இல்லையா?”

“நீங்க என்னை நம்பியா ரெண்டுதரம் கூட்டினீங்க?”

நஸீறாவுக்கு வெட்கமாகப் போய்விட்டது. நல்லவேளை, அவள் முகம் சிவந்ததை அவர் பார்க்கவில்லை.

சரி, பேர் வேண்டாம். அவராகவே தேடட்டும். கதவுகளில் எழுத்தை மாற்றினால் போதும்.

அவள் தன் கொம்பியூட்டரில் உட்கார்ந்து வரிகளை மாற்றத் தொடங்கினாள். வாப்பா தூரத்திலிருந்தே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பால் சேர்க்காத பிளேன்ரீ ஒன்றை ஊற்றி, அந்த மனிதரின் கையில் கொண்டுபோய்க் கொடுத்தார்.

முதல் ஐந்தை மாற்றியதும் நஸீறா அவருடைய ஹெட்போனை வாங்கி, கண்ணை மூடிக்கொண்டு கேட்டுப் பார்த்தாள். ‘இடம்பெயர்ந்து தங்கியிருப்போரின் பெயர்ப் பட்டியல், பெரியகல்லாறு...’ ஒவ்வொன்றும் அதே நீட்டு முழக்கத்தோடு தொடங்கியது. மூன்றாவதிலேயே அவளுக்குக் கொட்டாவி வந்தது.

எல்லாவற்றையும் வெட்டினாள். யோசித்தாள். தேடுகிறவருக்கு, அவருடைய ஆட்கள் இப்போது இருக்கும் இடம் தெரியாது. ஆனால் அவர்கள் எந்த ஊர் என்று தெரியும். உதவிக் குழுவின் காகிதங்களைப் புரட்டி, சொந்த ஊரை முதலில் போட்டாள். ‘வெல்லாவெளி, பழுகாமம் ஆட்கள்: பெரியகல்லாறு பள்ளிக்கூடம்.’ இப்படி இருபத்து மூன்று. முடியும்போது விரல்கள் வலித்தன.

“இப்ப கேட்டுப் பாருங்க அண்ணன்.”

சொல்லிவிட்டுத் தானே அவருடைய திரையை அணைத்தாள். ஐந்தடி தள்ளிப்போய், அவருக்குக் கேட்கும்படி கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

டக். டக். டக். அவர் விரல் வேகமாகத் தாவியது. ஓரிடத்தில் நின்றது. பிறகு நீண்ட நேரம் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டே இருந்தார். திடீரென்று ஒரு விசையை அழுத்தினார். மறுபடி அதையே அழுத்தினார். மறுபடியும். ஒரே வரியைத்தான் திரும்பத் திரும்பக் கேட்கிறார் என்று நஸீறாவுக்குப் புரிந்தது.

அவர் எழுந்த வேகத்தில் கதிரை விழுந்தது.

“பெரியகல்லாற்றால போற கல்முனை பஸ் எத்தினை மணிக்கு?”

“இந்தா, இப்ப வரும்!” என்று வாப்பா பஸ்ஸை மறிக்க வீதிக்கு ஓடினார்.

நஸீறா அவர் கையைப் பிடித்து வாசலுக்குக் கூட்டிவந்தாள். படியில் அவர் நின்றார். அவள் பக்கம் குனிந்தார்.

“அன்னப்பூரணி” என்றார் மெதுவாக. “என்ட தங்கச்சி. அவவும் ரெண்டு புள்ளையளும் இருக்காங்க.”

பஸ் வந்தது. வாப்பா அவரைப் பத்திரமாக ஏற்றி, நடத்துநரிடம் இறங்க வேண்டிய இடத்தையும் சொல்லிவிட்டு, வியர்வையைத் துடைத்துக்கொண்டு கடைக்குத் திரும்பினார்.

“மூணு நாளா வந்தவரு. ஆரு எண்டாவது கேட்டியா புள்ள?”

“ஓம் வாப்பா” என்றாள் நஸீறா. “அன்னப்பூரணிட அண்ணன்.”