குவியலோடு வந்த முகம்

எல்கடுவ வீதியில் ஆறுமுகநாதன் ஐயாவின் வீட்டுக்கு நான் போய்ச் சேர்ந்தபோது காலை பத்து மணி. பனி இன்னும் கூரையை விட்டு இறங்கவில்லை. ஐயா கச்சேரி என்கிற அரசாங்கக் கந்தோரில் படவரைஞராக இருந்து ஓய்வுபெற்றவர். என்னைப் போலவே பொழுதுபோக்குக்கு முகம் வரைகிறவர். காலமாகி மூன்று மாதம். நாற்பது வருடமாக அவர் சேர்த்த ஓவியச் சஞ்சிகைகளை மனைவி விற்கிறார் என்று கேள்விப்பட்டதும் என் கை அரித்தது.

மாத்தளையில் எங்களுடையது மிளகு, கராம்பு வியாபாரம். பல் முளைக்கும் முன்பே பேரம் முளைக்கும் குடும்பம். வாப்பாவிடம் கற்ற சட்டம் ஒன்று உண்டு: விலை பேசிய பிறகு விற்கிறவர் குவியலில் கை வைக்கக் கூடாது. கை வைத்தால், நல்ல சாமான் அங்கேதான் இருக்கிறது.

"எனக்கு இடது காது கேக்காது தம்பி, இஞ்சால வாங்கோ," என்றார் ஐயாவின் மனைவி தவமணிதேவி அம்மா.

பேரத்தில் செவிட்டை நான் நம்புவதில்லை. என் பெரியவாப்பா விலை குறைக்கச் சொல்லும்போது மட்டும் செவிடாக இருந்தவர். அம்மா தந்த தேத்தண்ணீரில் சீனிக்குப் பதில் உப்பு. அதையும் தந்திரம் என்றே எண்ணிக் குடித்து முடித்தேன்.

"பழைய கடதாசிதானே அம்மா. இந்தக் காலத்துல இத யாரு வாங்குவா?"

"ஒரு மூலை மடிய விடமாட்டார் தம்பி."

விலை படிந்தது. சஞ்சிகைகளைக் கட்டும்போது அம்மா நடுவிலிருந்து ஒன்றை உருவினார்.

"இது மட்டும் கிடக்கட்டும். இது அவர் கடைசியா வைச்சிருந்தது."

"விலை பேசின பொறகு குவியல்ல கை வைக்கக் கூடாது அம்மா. எல்லாம் வேணும், இல்லாட்டி ஒண்ணும் வேணாம்."

அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றார். கண் கலங்கியது. பிறகு கட்டின் மேலே வைத்தார்.

நான் வெற்றியோடு த்ரீவீலில் ஏறினேன்.

கடைக்கு மேலே எங்கள் வீடு; சமைக்கிற குசினி மட்டும் கீழே, கடைக்குப் பின்னால். சஞ்சிகைகளை நான் நிறுத்தி வைப்பதில்லை; முதுகு வளைந்துவிடும். வருடவாரியாகப் படுக்க வைத்து, இடையிடையே மெல்லிய தாளும், பூச்சிக்குக் கராம்பும் போட்டு அலுமாரியில் அடுக்குவேன்.

"மனுசன் படுக்க எடமில்ல, கடதாசிக்கு மெத்தை," என்றாள் என் மனைவி நிஷ்மியா.

அம்மா உருவிய அந்தச் சஞ்சிகையில் முகம் வரையும் பாடம் ஒன்று இருந்தது. நான்கு படிகள். முதலில் தாடைக்கோடு, பிறகு காது, பிறகு வாய், கடைசியில் கண். பாடத்தின் முடிவில் வாசகர் வரைந்து பழக ஒரு வெற்றுப் பக்கம். அதில் ஐயா தன் மனைவியை எண்ணெய் வர்ணத்தில் தீட்டியிருந்தார். தாடை, இடது காது, வாய், எல்லாம் அச்சு அசல்.

கண்கள் மட்டும் இல்லை.

அடுத்த நாள் திறந்தேன். பக்கம் வெள்ளையாக இருந்தது. அழித்த தடமில்லை. அச்சகத்திலிருந்து அன்றுதான் வந்ததுபோல் தாள். அறையில் எண்ணெய் வர்ணம் கரைக்கும் டர்பன்டைன் வாடை. கராம்பு மணக்கிற வீட்டில் வேறெந்த வாடையும் நிற்காது. நான் தண்ணீர் வர்ணக்காரன். டர்பன்டைன் வாங்கியதே இல்லை.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வந்து பார்த்தேன். ஒரு தாடைக்கோடு.

தாடையின் கீழே ஒரு மச்சம்.

நிஷ்மியாவின் மச்சம்.

ஞாயிறு மத்தியானம் அதே தாளில் ஓர் இடது காது இருந்தது. விரல் வைத்தேன், ஒட்டியது. குசினிக்கு ஓடி, அவளுடைய இடது பக்கம் நின்று கூப்பிட்டேன். திரும்பவில்லை. தோளைத் தொட்டேன்.

"இந்தக் காதுக்குள்ள பஞ்சு அடைச்ச மாதிரி இரிக்கி," என்றாள். டாக்டர் பார்த்துவிட்டுக் காது சுத்தம் என்றார்.

செவ்வாய் பகல் சோற்றுக்கு ஊற்றிய ஆணம் வாயில் வைக்க முடியாத உப்பு. அவள் மட்டும் அதை ஊற்றி ஊற்றிச் சாப்பிட்டாள்.

"எனக்கு ஒண்ணும் ருசிக்கிதில்ல."

நான் மேலே ஓடவில்லை. வாய் வரையப்பட்டிருக்கும் என்று தெரியும். இனி மிச்சம் ஒரு படிதான்.

எரிக்க நினைத்தேன். தாளோடு சேர்ந்து எது எரியும் என்று யோசித்து நிறுத்தினேன்.

மறுநாள் காலை எல்கடுவைக்குப் போனேன். அம்மா செம்பரத்தைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். இடது பக்கம் நின்று, எனக்கே கேட்காத குரலில் கூப்பிட்டேன்.

"அம்மா."

"வருவீங்கள் எண்டு தெரியும் தம்பி," என்றார், திரும்பாமலே.

சஞ்சிகையை நீட்டினேன். அவர் கை நீட்டவில்லை.

"காசு வேணாம். இத மட்டும் எடுங்க."

"விலை பேசின பிறகு குவியலில கை வைக்கக் கூடாதெண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்."

"நீங்க நெஞ்சோட அணைச்சீங்களே! அழுதீங்களே!"

"நான் அணைக்காமல் விட்டிருந்தால் வாங்கியிருப்பீங்களோ?"

வாழ்நாளில் நான் தோற்ற பேரம் அது ஒன்றுதான்.

"அவர் கெட்டவர் இல்லைத் தம்பி," என்று தணிந்த குரலில் சொன்னார். "துவங்கின முகத்தை முடிக்காமல் விடமாட்டார். வேற வீட்டுக்குப் போனால் புது முகம் துவங்குவார். அவ்வளவுதான்."

திரும்பும் வழியில் தொலைபேசி. கண்டியிலிருந்து ஸுஹைல், என்னை அண்ணன் முறையில் 'நானா' என்று கூப்பிடுகிறவன், என்னைப் போலவே சஞ்சிகை சேர்க்கும் பைத்தியம்.

"நானா, ஆறுமுகநாதன்ட குவியல் ஒங்ககிட்டயாம். நீங்க சொல்றதுதான் விலை."

நாக்கு நுனி வரை 'சரி' வந்தது. அவனுக்குப் போன மாதம்தான் பெண் குழந்தை பிறந்திருந்தது.

"விக்கிறதுக்கில்ல," என்றேன். வாப்பா கேட்டிருந்தால் வெட்கப்பட்டிருப்பார்.

நிஷ்மியாவின் சிறு முகக் கண்ணாடியை எடுத்து மேசையில் நிறுத்தினேன். பக்கத்து வன்பொருள் கடையில் வெள்ளைப் பெயின்ட் வாங்கி வந்து அவளுடைய தாடையை, காதை, வாயை மூடினேன். ஈரம் காய்ந்ததும் அதன்மேல் என்னை வரைந்தேன். என் தாடை. என் இடது காது. என் வாய். பின்னேரம் அசர் தொழுகைக்குப் பாங்கு சொல்லும்போது முடித்தேன்.

கீழே குசினியிலிருந்து நிஷ்மியாவின் சத்தம்: "யா அல்லாஹ், இந்த ஆணத்துக்கு யாரு இவ்வளவு உப்பப் போட்ட?"

சிரித்தேன். அந்தச் சத்தம் எனக்கு வலது காதில் மட்டும் கேட்டது.

கண்களுக்கு உரிய இடத்தைத் தொடாமல் விட்டேன். சஞ்சிகையைச் சணல் கயிற்றால் கட்டி, அலுமாரியைப் பூட்டி, சாவியைக் கடை இரும்புப் பெட்டிக்குள் போட்டேன்.

அது நடந்து எட்டு நாள். இன்று காலை இடது பக்கம் இருட்டாக விழித்தேன். சாவி பெட்டிக்குள்தான் இருந்தது. பூட்டு பூட்டியபடி. கயிறு கட்டியபடி.

தாளில் என் முகத்துக்கு இடது கண் தீட்டப்பட்டிருந்தது. கருவிழிக்குள் சன்னல் வெளிச்சம்கூட விழுந்திருந்தது. என்னால் ஒருநாளும் அப்படித் தீட்ட வராது.

மிச்சக் கண்ணால் இதை எழுதுகிறேன். மாடிப்படியில் டர்பன்டைன் மணக்கிறது.