தேனீக்களிடம் சொன்ன சாவு

துரை சாகவில்லை. அதுதான் சிக்கல். ஹின்ரிக் அவருடைய சாவைத் தேனீக்களிடம் ஏற்கெனவே சொல்லிவிட்டு வந்திருந்தான்.

க்ரூஷோ கிராமத்தில் மாளிகைத் துரை கண்ணை மூடினால், பாதிரியாருக்கு முன்னால் தேனீக்களுக்குச் சேதி போக வேண்டும். வீட்டுச் சாவியால் கூட்டைத் தட்டி, இன்னார் போய்விட்டார், இனி இன்னார் உங்கள் எஜமான் என்று சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அத்தனையும் கூண்டோடு சாகும்; கூடு உம்மென்றால் சேதியை ஏற்றுக்கொண்டது என்று அர்த்தம். அன்று காலை வேலைக்காரி ட்ரீனா மாடியிலிருந்து அழுதுகொண்டே இறங்கி, "எல்லாம் முடிஞ்சுது" என்றாள். கைதவறி உடைந்த சூப்புச் சட்டியைத்தான் சொன்னாள். வண்டிக்காரன் ஹின்ரிக்குக்கு அரைக் காது, இரட்டை அவசரம். சாவியைப் பிடுங்கிக்கொண்டு தோட்டத்துக்கு ஓடினான்.

புது எஜமான் யார் என்ற இடத்தில் நாக்கு தடுமாறியது. துரையின் பிள்ளைகள் இருவரையும் போர் தின்றுவிட்டது. அழுதுகொண்டிருக்கும்போதும் அவனுக்குக் கோணல் புத்திதான்: "வேற நாதி இல்ல. இந்த ஹின்ரிக்கையே வச்சுக்குங்க."

நவம்பர் குளிரில் அடங்கிக் கிடக்க வேண்டிய கூடுகள் எல்லாம் ஒரே குரலில் உம்மென்றன.

திரும்பி வந்தால் மாடியிலிருந்து கயிறு இழுக்க, அடுப்படி மணி அடிக்கிறது. துரை சூப்பு கேட்கிறார்.

அடுப்படியே குலுங்கிச் சிரித்தது. "வாங்க ஹின்ரிக் துரை!" என்றாள் சமையல்காரி டோர்தே. "பட்டம் கட்ட இன்னும் நேரமிருக்கு. அதுவரைக்கும் இந்த உருளைக்கிழங்கை உரிச்சா என்ன?"

"உரிக்கிறேன். நாளைக்கே உன் சம்பளத்தையும் சேத்து உரிச்சுடறேன்," என்றான் அவனும்.

அடுப்போரம் காபி குடித்துக்கொண்டிருந்த தச்சன் கார்ஸ்டன் மட்டும் சிரிக்கவில்லை. "கூடு சத்தம் போட்டுச்சா?" என்று கேட்டான்.

"போட்டுச்சே. உம்முன்னு."

டோர்தேயின் கையிலிருந்து ஒரு கிழங்கு விழுந்து, தரையில் உருண்டு, சுவரில் முட்டி நின்றது. யாரும் அதை எடுக்கவில்லை.

மறுநாள் அடுப்படியிலிருந்து ஒரு வாசனை கிளம்பியது. வெந்த வெண்ணெயும் முறுகிய சர்க்கரையுமாக அது படியேறி, திரைச்சீலைகளில் ஒட்டிக்கொண்டு, மூடுபனிக்குள் நுழைந்து குதிரை லாயம் வரை அவன் பின்னாலேயே வந்தது. முதலில் ஹின்ரிக்குக்கு எச்சில்தான் ஊறியது. பிறகுதான் உறைத்தது. இந்த மாளிகையில் வெண்ணெய்க் கேக்கைக் கல்யாணத்துக்குச் சுடுவார்கள், இல்லையென்றால் எழவுக்குச் சுடுவார்கள். கல்யாணம் எதுவும் இல்லை.

"யாருக்கு டோர்தே இது?"

"குளிருக்கு நல்லது." அவள் திரும்பவில்லை. "நீங்க ஏன் இங்க நிக்கிறீங்க? கூடத்துல போய் உக்காருங்க துரை."

கேலி என்று நினைத்து அவன் சிரித்தான். துணைக்கு யாரும் சிரிக்கவில்லை.

கூடத்தில் கார்ஸ்டன் மாடிப்படித் திருப்பத்தைக் கயிற்றால் அளந்துகொண்டிருந்தான்.

"அலமாரி ஏதாவது வருதா?"

"வரல," என்றான் கார்ஸ்டன். "போகுது."

மாடியறையில் ஜன்னல் விரியத் திறந்து கிடந்தது. ஆத்மா வெளியேறுவதற்குத் திறப்பார்களே, அப்படி. முகம் பார்க்கும் கண்ணாடிமேல் எழவு வீட்டுக் கறுப்புத் துணி. பனி அறைக்குள் வந்து கட்டிலைச் சுற்றி நின்றது. போர்வைக்குள் துரையின் உதடு நீலம் பாரித்திருந்தது.

"மணி அடிச்சேன்டா. ஒருத்தரும் வரல."

அடுப்படியில் மணியின் நாக்கில் கந்தல் சுற்றியிருந்ததை அவன் பார்த்திருந்தான். அதைச் சொல்லவில்லை. ஜன்னலைச் சாத்தி, அவர் பாதங்களை மடியில் வைத்துத் தேய்த்து, பழைய பன்றிக் கதை ஒன்றைச் சொன்னான். அவனுடைய அசட்டு ஜோக்குகளுக்கு ஊரில் சிரிக்கும் ஒரே ஆள் அவர். அன்றும் சிரித்தார், இருமலுக்கு நடுவே.

டாக்டரைக் கூட்டி வந்துவிட வேண்டும். லாயத்துக்கு ஓடினான். வண்டி இருந்தது. சக்கரங்கள் இல்லை, குதிரைகளும் இல்லை.

நடந்தே கிளம்பியவனைப் பாதிரியார் வழியில் மறித்தார். "ஐயா, துரை உயிரோடதானே இருக்காரு? நீங்களாவது அவங்களுக்குச் சொல்லுங்க!"

பாதிரியார் வானத்தைப் பார்த்தார். "பனி இறங்குது. மண்ணு இறுகிடுச்சுன்னா தோண்டறது கஷ்டம்," என்றபடி சர்ச் பக்கம் நடந்தார்.

சொன்னதைத் திரும்ப வாங்கிவிட்டால்? ஹின்ரிக் தோட்டத்துக்கு ஓடினான். கூடுகளைச் சாவியால் தட்டினான். "பொய் சொன்னேன்! குடிகாரன் உளறல்! அவரு இருக்காரு, கேக்குதா?" மறுசத்தம் இல்லை. குனிந்து பார்த்தான். கூட்டின் வாய் ஒவ்வொன்றும் களிமண்ணால் அடைக்கப்பட்டிருந்தது. மண் இன்னும் ஈரம். அதன்மேல் விரல் தடங்கள். தடித்த விரல்கள், மெலிந்த விரல்கள். குழந்தைகளின் விரல்களும்.

மாளிகையிலிருந்து பாட்டுச் சத்தம் கேட்டது.

கூடத்துத் தரை முழுக்க தேவதாரு இலை. ஊரே கறுப்பில் நின்றது. நடுவில் இரண்டு நாற்காலிகள்மேல் பெட்டி. பெட்டிக்குள் துரை. வெள்ளைச் சட்டை. கண் திறந்திருந்தது.

உதடு அசைந்தது.

பெண்கள் இன்னும் உரக்கப் பாடினார்கள்.

"நிறுத்துங்க! நான்தானே துரை? நான் சொல்றேன், நிறுத்துங்க!"

"ஆகட்டும் துரை," என்றார்கள். தலை குனிந்தார்கள். மூடியைத் தூக்கினார்கள்.

அவன் பாய்ந்தான். பக்கத்துக்கு இருவராகப் பிடித்துக்கொண்டார்கள். முரட்டுத்தனமாக இல்லை. துக்க வீட்டில் பிடிப்பது போல. கார்ஸ்டன் அவன் கையில் சுத்தியலை வைத்து விரல்களை மூடினான். முதல் ஆணியைப் புது எஜமான்தான் அடிக்க வேண்டும்.

மூடி இறங்கியது. இடுக்கில் நான்கு விரல்கள் வெளியே வந்தன. பலகையைப் பற்றின. ட்ரீனா குனிந்தாள். தூங்கும் பிள்ளையின் கையைத் தொட்டிலுக்குள் விடுவது போல, ஒவ்வொரு விரலாக எடுத்து உள்ளே வைத்தாள்.

"டோர்தே!" ஹின்ரிக்கின் குரல் கிழிந்தது. "அவர் உயிரோட இருக்காரா இல்லையா? ஒரே ஒரு வார்த்தை. நேரா சொல்லு."

டோர்தே வெண்ணெய்க் கையை இடுப்பில் கட்டியிருந்த சமையல் துணியில் துடைத்துக்கொண்டாள். முதல்முறையாக அவன் கண்ணைப் பார்த்தாள்.

"இருக்காரு. எங்க எல்லாருக்கும் தெரியும். ஆனா தேனீக்கிட்ட சொன்ன சாவு வெறுங்கையோட திரும்பாது துரை. எங்க வீட்டுலயெல்லாம் புள்ளைங்க இருக்கு."