ரசீதில் மூன்று பேர்

ரசீதில் ‘ஆள்: மூன்று’ என்று அச்சாகியிருந்தது. காரில் இருந்ததோ ரிட்டயரான பஸ் கண்டக்டரும் அவர் மனைவியும் மட்டும்தான்.

கடலுக்கும் கரைக்கும் நடுவே தடுப்புச் சுவர் மாதிரி நீண்டு கிடந்த அந்தப் பாதுகாக்கப்பட்ட மணல்தீவுக்குப் போக, பாலத்து முனையிலிருந்த சாவடியில் நுழைவுக் கட்டணம் கட்ட வேண்டும். அந்த வரிசையில் அவர் நின்ற நேரத்துக்கு ஒரு பிள்ளை பிறந்து, நடை பழகி, பள்ளிக்கூடத்துக்கே போயிருக்கும். அப்படிக் காத்திருந்தவரிடமா ஆள் கணக்கைத் தப்பாகப் போடுவது? முப்பத்தோரு வருடம் ஓடும் பஸ்ஸில் தலை எண்ணியவர். தூக்கத்தில்கூட எண்ணுவார், கொசு உட்பட.

“ஏம்மா, ரெண்டு பேருக்கு மூணு டிக்கெட்டா?”

சாவடிப் பெண் எட்டிப் பார்த்தாள். “பின்சீட்ல ஒருத்தர் இருக்காங்களே சார்.”

திரும்பினார். தண்ணீர் பாட்டில், துண்டு, மனைவியின் குடை. அவ்வளவுதான்.

“விடுங்களேன்,” என்றாள் மனைவி. “ஒரு டிக்கெட்டுக்கு இப்படி மல்லுக்கு நிக்கணுமா?”

“நீ சும்மா இரு. என்கிட்டயே கணக்கா?”

சாவடிப் பெண்ணின் குரல் தாழ்ந்தது. “எத்தனை போடறோமோ அத்தனை பேரைத்தான் சார் வெளிய விடுவாங்க. மூணாவே இருக்கட்டும்.”

“ரெண்டு!”

அவள் பேனாவால் அடித்துத் திருத்தி, அவரிடம் கையெழுத்தும் வாங்கிக்கொண்டாள்.

தீவுக்குள் கார் ஊர்ந்தபோது, ஜன்னல்கள் மூடியிருந்தும் அழுகிய பாசியின் நாற்றம் பின்னாலிருந்து மெல்ல நகர்ந்து வந்து அவர் பிடரியைத் தடவியது. வண்டி பள்ளத்தில் குதித்த போதெல்லாம், கனத்த ஆள் ஒருவர் இடம் மாறி உட்காருவது போல, பின்சீட்டு ஸ்பிரிங் ஒரு நொடி தாமதமாக முனகியது. “வண்டியை சர்வீஸ் பண்ணினவனை உதைக்கணும்,” என்று முணுமுணுத்தார். திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் சாவடிக்காரி ஜெயித்துவிடுவாளே!

மாலையில் வெளிவாசலில் இன்னொரு தொல்லை. தீவின் மணல் ஒரு பொட்டுகூட வெளியே போகக் கூடாதாம். கரையில் இறங்கியவர்கள் குழாயடியில் கால் கழுவ வேண்டுமாம். அவர் காரைவிட்டு இறங்கவே இல்லை. மனைவி மட்டும் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு குழாயடிக்குப் போனாள்.

போனாள், போனாள், ஒரு யுகம் போனாள்.

கதவு திறந்தது. பக்கத்து சீட் அமுங்கியது. கதவு மூடியது.

“கால் கழுவப் போனியா, கடலையே கழுவப் போனியா?” சிடுசிடுத்தபடி, முகத்தைக்கூடப் பார்க்காமல் வண்டியை எடுத்தார்.

பதில் இல்லை. கோபம் போலிருக்கிறது.

காவலாளி ரசீதை வாங்கிக்கொண்டு, குனிந்து எண்ணினார். “ரெண்டு. சரி.”

வேலிக்கதவு திறந்தது. மூடியது. பூட்டு விழுந்தது.

மறுபடி அந்த நாற்றம். இப்போது பக்கத்திலிருந்து.

கண்ணாடியைப் பார்த்தார். வேலிக்கு அந்தப் பக்கம் மனைவி. கையில் செருப்பு. கத்துகிறாள்.

பிரேக்.

பக்கத்தில் பார்க்கவில்லை. முடியவில்லை. கதவைத் தள்ளிக்கொண்டு ஓடினார்.

“திறய்யா! என் பொண்டாட்டி உள்ள இருக்கா!”

காவலாளி ரசீதை நீட்டினார். “ரெண்டு பேர் வெளிய வந்தாச்சு சார். கையெழுத்து உங்களுதுதானே?”

கம்பிகளில் விரல் கோத்து நின்ற மனைவி கத்துவதை நிறுத்தியிருந்தாள். அவரைப் பார்க்கவும் இல்லை. அவர் தோளுக்குப் பின்னால், காரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஹாரன் அடித்தது. ஒரே ஒரு முறை. பொறுமையாக.

அவர் திறந்து போட்டுவிட்டு வந்த கதவை, உள்ளேயிருந்து நீண்ட ஈரக் கை ஒன்று, அவர் ஏறிக்கொள்வதற்காக இன்னும் அகலமாகத் திறந்து பிடித்துக்கொண்டிருந்தது.